மணி அடிச்சாச்சா?

அம்மாவின் இடது மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல் பதிந்த தடம் இருந்தது. காலையில் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன். நீலமும் கறுப்புமாகக் கன்றிப் போயிருந்தது. வயதானவர்களின் தோல் மெல்லிய காகிதம் மாதிரி, கொஞ்சம் அழுத்தினாலும் இரத்தம் கட்டிவிடும் என்று மருத்துவமனைத் தாதி ஒருவர் முன்பே எச்சரித்திருந்தார்.

"இது எப்படி வந்துச்சு பாப்பா?" என்று அம்மா என்னையே கேட்டார்.

அவருக்கு நினைவில்லை. எனக்கு நினைவிருந்தது. முந்தின இரவு இரண்டரை மணிக்கு வாசல் பூட்டை ஆட்டிக்கொண்டு நின்றவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து கட்டிலில் உட்கார வைத்தவள் நான்தான்.

"எங்கயாவது இடிச்சிருப்பம்மா" என்றேன்.

இதை எழுதத் துணிய இரண்டு ஆண்டு பிடித்தது. மறதி நோய் வந்த அப்பாவையோ அம்மாவையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் இதை வாசிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். ஊரார் முன்னால் நமக்கெல்லாம் "பொறுமைசாலி" என்ற பட்டம் உண்டு. கோயிலில் பார்க்கிறவர்கள், "உன் அம்மா கொடுத்து வச்சவங்கம்மா" என்பார்கள். இரவு இரண்டரை மணிக்கு என்ன நடக்கிறது என்று அவர்கள் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

அம்மா முப்பது ஆண்டுக்கு மேல் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் எழுந்து சோறாக்கி, எங்களை எழுப்பிவிட்டு, பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு நிரைக்குப் போய்விடுவார். அந்தத் தோட்டம் இன்று இல்லை. விற்றார்கள், மரங்களைச் சாய்த்தார்கள், வரிசை வீடுகள் கட்டினார்கள். ஆனால் இந்த நோய் முதலில் தின்பது பக்கத்து நாட்களைத்தான். மத்தியானம் சாப்பிட்ட சோறு மறந்துபோகும். நாற்பது ஆண்டுக்கு முந்தைய மணியோசை அப்படியே நிற்கும். இரவு ஒரு மணிக்கு அம்மா விழித்துக்கொள்வார்.

"பாப்பா, பெரட்டுக்கு மணி அடிச்சாச்சா?"

"இல்லம்மா, படு."

ஐந்து நிமிடம் கழித்து அதே கேள்வி, அதே குரல், அதே பதற்றம். ஒரு நாள் இரவு எண்ணிப் பார்த்தேன். விடிவதற்குள் நாற்பத்து மூன்று முறை. காலை எட்டு மணிக்கு நான் அலுவலகத்தில் கணக்கு பார்க்க வேண்டும்.

கையைப் பிடித்து இழுத்ததற்குச் சில நாள் முன்பு அதைவிட மோசமான காரியம் ஒன்றைச் செய்தேன். "தோட்டமே இல்லம்மா! வித்துட்டாங்க! லயமும் இல்ல, மணியும் இல்ல!" என்று கத்தினேன். அம்மா என்னைப் பார்த்தார். "அப்பா எங்க?" என்றார். "அப்பா செத்துப் பதினேழு வருஷமாச்சு!" என்றேன். அன்றுதான் செய்தி வந்ததுபோல அழுதார், தலையில் அடித்துக்கொண்டு, நெஞ்சு விம்ம. பத்து நிமிடத்தில் மறந்துவிட்டார். இதில் இன்னொரு கொடுமை உண்டு. நான் மன்னிப்புக் கேட்கலாம், ஆனால் எதற்கு என்று அம்மாவுக்குத் தெரியாது.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே ஓய்வுபெற்ற சீன ஆசிரியை ஒருவர் தனியாக இருக்கிறார். ஒரு சனிக்கிழமை கொஞ்சம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பகாங் கம்பாங்கில் பத்து நாள் தியான வகுப்பு நடக்கிறது என்றும், கணவர் இறந்த பிறகு தான் அங்கே போனதாகவும் சொன்னார்.

"போனா கோபம் போயிருமா ஆன்ட்டி?" என்று மலாயில் கேட்டேன்.

"தெரியாது" என்றார். "அது எப்படி வருதுன்னு தெரியும்."

வீட்டில் இதைச் சொன்னதும் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "மதம் மாறப் போறியா?" என்பதுதான். பத்துமலைக்குப் பால்குடம் எடுத்த குடும்பம் எங்களுடையது. எனக்கும் உள்ளூர அந்தப் பயம் இருந்தது. இந்த வகுப்பை உலகெங்கும் பரப்பிய கோயங்காவுக்கும் இதே பயம் இருந்ததாம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் 1924-இல் பர்மாவின் மண்டலேயில் பிறந்த இந்தியர். ஆசாரமான இந்து வணிகக் குடும்பம். கடுமையான ஒற்றைத் தலைவலி. அதற்குப் போட்ட மார்ஃபின் ஊசி பழக்கமாகிவிடுமோ என்று அஞ்சி, 1955-இல் ரங்கூனில் ஊ பா கின் என்பவரிடம் போனார். ஊ பா கின் துறவி இல்லை, பர்மிய அரசாங்கத்தின் தலைமைக் கணக்காளர். தன் அலுவலகத்து ஊழியர்களுக்கே தியானம் கற்றுக்கொடுத்தவர். கணக்கு வேலை பார்க்கிற எனக்கு இந்தச் செய்தி ஏனோ பெரிய தைரியம் தந்தது. தலைவலி தீரத்தான் வந்திருக்கிறாய் என்றால் உன்னைச் சேர்க்க மாட்டேன் என்று அவர் முதலில் மறுத்துவிட்டாராம். இது மருந்துக்கடை இல்லை, மனத்தின் அழுக்கைப் பார்க்க வருவதானால் வா என்பது அவர் எண்ணம்.

நானும் ஒரு வகையில் தலைவலிக்கு மருந்து தேடித்தான் போனேன்.

போக வர இரண்டு நாள் சேர்த்துப் பன்னிரண்டு நாள். ஜொகூரில் இருக்கும் தம்பியிடம் கேட்டபோது, "பன்னெண்டு நாளா? விளையாடுறியாக்கா?" என்றான். பிறகு அவனும் அவன் மனைவியும் ஆளுக்குப் பாதி விடுப்பு எடுத்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கிளம்பும்போது அம்மா, "எங்க பாப்பா போற?" என்றார். "வேலைக்கும்மா" என்றேன். "மணி அடிச்சாச்சா?" என்றார்.

அங்கே போனதும் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஐந்து ஒழுக்கங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும்: கொலை, களவு, எல்லா வகைக் காமச் செயல், பொய், போதை ஆகியவற்றை விடுவது. பத்தாம் நாள்வரை யாரோடும் பேச்சில்லை, கண்ணால்கூடச் சாடை காட்டக் கூடாது. ஆசிரியரிடம் மட்டும் குறித்த நேரத்தில் ஐயம் கேட்கலாம். காலை நான்கு மணிக்கு மணி அடிக்கிறார்கள். முதல் நாள் அந்த ஓசை கேட்டதும் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து சிரித்துவிட்டேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்த மணி இங்கேதான் அடிக்கிறது. பிறகு அழுகை வந்தது.

முதல் மூன்று நாள் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். மூக்கின் அடியில், மேலுதட்டுக்கு மேலே உள்ள சின்ன இடத்தில் மூச்சு வந்துபோவதை உணர வேண்டும். கேட்க எளிது. பத்து மூச்சு முழுதாக என்னால் பார்க்க முடியவில்லை. மூன்றாவது மூச்சில் மாதக் கணக்கு, ஐந்தாவதில் தம்பி அம்மாவுக்கு மருந்து கொடுத்தானா என்ற கவலை, ஏழாவதில் அண்டை வீட்டாருடன் எப்போதோ நடந்த சண்டைக்கு இப்போது கண்டுபிடித்த அருமையான பதில். தலைக்குள் இவ்வளவு சத்தத்தை வைத்துக்கொண்டுதான் அம்மா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று குறைப்பட்டுக்கொண்டேன். என் மனம் அதே நான்கு விஷயத்தை ஒரு நாளில் எத்தனை முறை கேட்கிறது என்று எண்ணினால் நாற்பத்து மூன்றெல்லாம் ஒன்றுமே இல்லை.

நான்காம் நாள் விபாசனா தொடங்கும். தலை முதல் கால்வரை உடம்பில் என்னென்ன உணர்ச்சி இருக்கிறதோ அதை அப்படியே பார்ப்பது, பிடித்ததை நீட்டிக்கவும் பிடிக்காததை விரட்டவும் முயலாமல் இருப்பது. ஒரு மணி நேரம் கை, கால், கண் எதையும் அசைக்காமல் உட்காரும் அமர்வுகளும் உண்டு. முழங்கால் வலியில் எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. அந்த வலிக்குள்ளேதான் ஆறாம் நாள் அந்தக் கை வந்தது. அம்மாவின் கை, என் விரல்கள். முகம் சுட்டது, தாடை இறுகியது, வயிற்றில் கல் விழுந்ததுபோல் இருந்தது.

மறுநாள் ஆசிரியையிடம் போய்ச் சுருக்கமாக நடந்ததைச் சொன்னேன். "பாவம்", "பரவாயில்லை" எதுவும் சொல்லவில்லை. "அன்று இரவு கோபம் வந்தபோது முதலில் உடம்பில் எங்கே வந்தது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் குரல் கேட்டது, அடுத்து என் கை அவர் கையைப் பிடித்திருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. "நடுவில் இருந்ததைத்தான் இங்கே உட்கார்ந்து பார்க்கிறீர்கள்" என்றார்.

வீடு திரும்பிய பிறகு, பழைய புத்தகப் பெட்டியில் மணிமேகலை உரை ஒன்றைத் தேடி எடுத்தேன். பள்ளியில் படித்தபோது எனக்கு மணிமேகலை என்றால் அமுதசுரபி, ஆதிரை இட்ட பிச்சை, அவ்வளவுதான். கடைசியில் காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குச் சொல்லும் பகுதியை நான் புரட்டிப் பார்த்ததே இல்லை. துன்பம் எப்படி உண்டாகிறது என்பதற்குப் பௌத்தம் சொல்லும் பன்னிரண்டு கண்ணிகளும் அங்கே தமிழில் இருக்கின்றன. அவற்றில் ஐந்து சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதிச் சமையலறை அலமாரியில் ஒட்டினேன்: வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று.

நான் புரிந்துகொண்டது இது. காது ஒரு வாயில். அம்மாவின் குரல் அதில் வந்து படுவது ஊறு. பட்டவுடன் "பிடிக்கவில்லை" என்ற உணர்ச்சி எழுவது நுகர்வு. உடம்பில் காது மடல் சுடுவதும் தாடை இறுகுவதும் அப்போதுதான். "இந்தக் குரல் நிற்க வேண்டும்" என்பது வேட்கை. வேட்கை என்றால் ஒன்றை விரும்புவது என்றே நினைத்திருந்தேன், ஒன்று இல்லாமல் போக வேண்டும் என்று துடிப்பதும் அதில் சேர்ந்ததுதானாம். "என் தூக்கம், என் வாழ்க்கை, எனக்கு மட்டும் ஏன்" என்று பிடித்துக்கொள்வது பற்று. அதற்குப் பிறகு கை நீள்வதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படுவதில்லை. அம்மா பேசுவதை நிறுத்த முடியாது, காதை மூட முடியாது, பட்டதும் சுடுவதைக்கூடத் தடுக்க முடியாது. ஆனால் சுட்டதை அறிந்துகொண்டால், அதற்கும் அடுத்த கண்ணிக்கும் நடுவே நூலளவு இடம் இருக்கிறது. பத்து நாளில் நான் பெற்றது அந்த நூலளவுதான். அதிகமாகச் சொன்னால் பொய்.

சம்யுத்த நிகாயத்தில் சல்லத்த சூத்திரம் என்று ஒன்று உண்டு. அம்பு பட்டவனுக்கு மேலே இன்னோர் அம்பும் பட்டால் எப்படி என்பது அதில் வரும் உவமை. உடம்பின் வலி முதல் அம்பு. அதை நினைத்துப் புலம்பிக் கொதிப்பது இரண்டாவது. புத்தருக்கும் முதல் அம்பு படும் என்பதை யாரும் மறைக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. தியானம் செய்தால் அம்பே படாது என்று விற்கிறவர்கள் இப்போது நிறைய.

விற்பனை என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் கபாட்-சின் என்பவர், நாள்பட்ட வலியால் அவதிப்பட்டவர்களுக்காக இந்தப் பயிற்சியைச் சமயச் சாயல் இல்லாமல் கற்பிக்கத் தொடங்கினார். அதனால் பலருக்கு நன்மை. அங்கிருந்து அது கைப்பேசிச் செயலியாகி, நிறுவனங்களின் பயிற்சிப் பட்டறையாகி, எங்கள் அலுவலகத்துக்கும் அரைநாள் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு மூன்று பேரை நிறுத்திவிட்டு அவர்கள் வேலையை எங்கள் தலையில் கட்டியிருந்தார்கள். பட்டறையில், மன அழுத்தம் வரும்போது மூச்சைக் கவனியுங்கள் என்றார்கள். கவனித்தேன். மூன்று பேர் வேலையை ஒருத்தி செய்கிறாள் என்பது தெளிவாகத் தெரிந்தது. கம்பாங்கில் மூச்சுக்கு முன்னால் ஐந்து ஒழுக்கங்களைச் சொன்னார்கள். பிறருக்குத் தீங்கு செய்யாதே என்பதை எடுத்துவிட்டு மூச்சை மட்டும் கொடுத்தால், வண்டி மாடு முனகாமல் இழுப்பதற்குத்தான் அது பயன்படும் என்பது என் எண்ணம்.

எங்கள் வீட்டுக்குள்ளும் அப்படி ஓர் அபாயம் இருந்தது. நான் நன்றாகத் தியானம் செய்து, நன்றாகப் பொறுத்துக்கொண்டால் தம்பி நிம்மதியாக ஜொகூரிலேயே இருந்துவிடலாம். முன்பெல்லாம் அவனிடம் பேச எடுத்தாலே என் குரல் உயர்ந்துவிடும், அவன் வைத்துவிடுவான். இந்த முறை தாடை இறுகுவதைக் கவனித்துக்கொண்டே, "மாசத்துல ரெண்டு வாரக் கடைசி நீ வந்து பாத்துக்கணும். நான் தூங்கணும்" என்று மட்டும் சொன்னேன். பன்னிரண்டு இரவு பார்த்தவன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரிக்கா" என்றான். சில மாதம் வருகிறான், சில மாதம் சாக்கு வருகிறது. மருத்துவரிடம் இரவுத் தூக்கத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னதும், மருந்து கொடுக்கும் நேரத்தை மாற்றினார். வாரத்தில் மூன்று நாள் பகல்நேரப் பராமரிப்பு நிலையம். இவை செய்த உதவி தியானம் செய்ததற்குக் குறைந்ததில்லை. என்னைப்போல் இருக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால், உட்காருவதற்கு முன்னால் உதவி கேளுங்கள்.

திரும்பி வந்த மூன்றாம் இரவு அம்மா கேட்டார். "மணி அடிச்சாச்சா?" காது மடலில் சூடு ஏறியது. "சூடு" என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். தாடை. வயிறு. எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது, அதையும் பார்த்தேன். அந்த நூலளவு இடத்தில் முதல்முறையாக அம்மாவின் முகம் எனக்குத் தெரிந்தது. அத்தனை மாதமும் அவர் என்னைத் தொல்லை செய்கிறார் என்றுதான் பார்த்திருந்தேன். அவர் பயந்துபோயிருந்தார். நேரம் தவறினால் பேர் விழாது, பேர் விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை, பிள்ளைகளுக்குச் சோறு இல்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி நான்.

"இன்னும் அடிக்கலம்மா. அடிச்சதும் நான் எழுப்புறேன்."

"மறந்துராத."

"மறக்க மாட்டேன். உன் நெரையில எத்தன மரம்மா?"

"ஐநூறுக்கு மேல. மேட்டு நெர. மழ பேஞ்சா வழுக்கும்." மங்கைக் கவிழ்த்து வைக்க மறந்த ஒரு நாளைப் பற்றி, கிராணி திட்டியதைப் பற்றி, அப்பா வாளி தூக்க வந்து நின்றதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே தூங்கிப்போனார். மூன்றரை மணிவரை கேள்வியே வரவில்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அடுத்த வாரமே கத்தினேன், மாத முடிவுக் கணக்கு நாளில், காய்ச்சலோடு. அந்த இடம் மூடிவிட்டது, கண்ணிகள் எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் கை நீளவில்லை. பாதியிலேயே என் குரல் என் காதில் விழுந்தது, நிறுத்தினேன். பிறகும் கத்தியிருக்கிறேன். எண்ணி வைத்திருக்கிறேன், இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தத் தடம் மட்டும் மறுபடி வரவில்லை.

பெரியம்மாவுக்கு இன்னும் சந்தேகம்தான். தைப்பூசத்துக்கு வழக்கம்போல் பால்குடம் எடுத்ததைப் பார்த்தபிறகு கொஞ்சம் ஆறுதல்.

இப்போதெல்லாம் நான்கு மணிக்கு எழுந்து உட்காருகிறேன். எப்படியும் அம்மா எழுப்பிவிடுவார், அதனால் இது பெரிய தவம் ஒன்றுமில்லை. அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாயை விரித்து, விளக்கைப் போடாமல் உட்காருகிறேன். போன வாரம் ஒரு நாள் கண்ணை மூடி மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டில் கிறீச்சிட்டது. அம்மா எழுந்து விளிம்பில் வந்து உட்கார்ந்தது தெரிந்தது. கேள்வி வரும் என்று காது முன்னாலேயே சுடத் தயாரானது. கொஞ்ச நேரம் வெளியே தவளைச் சத்தம் மட்டும்.

"நீயும் மணிக்குத்தான் காத்திருக்கியா?" என்றார்.

"ஆமாம்மா."

தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் தலையில் போட்டு, காதை மூடி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டார். விரல்கள் நடுங்கினாலும் முடிச்சு இறுக்கமாகத்தான் விழுந்தது.

"நல்லாக் கட்டிக்க. நெரையில கொசு கடிக்கும்."